வீடு மாறும் முன் சுவர் ஓட்டைகளை மூடுவது எப்படி?

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு மேல்மாடி வீட்டில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஜனவரியில் கல்முனைப் பக்கம் இடமாற்றம். டிசம்பர் கடைசியில் வீட்டைக் கையளிக்க வேண்டும், இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. ஹோலின் நடுவே ஜிப்சம் போர்ட்டில் ஒரு சுவர் போட்டுத்தான் எங்களுக்கு இரண்டாவது அறையைச் செய்து தந்தார்கள். அந்தச் சுவரில் டீவி பிராக்கெட் பூட்டிய நாலு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. கதவுக் கைபிடி அடித்து அடித்துக் கைமுட்டி அளவில் இன்னொரு ஓட்டை. மற்றச் சீமெந்துச் சுவர்களில் ஆணி ஓட்டை, ஸ்க்ரூ ஆணிக்காக வைத்த பிளாஸ்டிக் பிளக் ஓட்டை என்று இருபதுக்கு மேல் இருக்கும். என் கணவர் சிலவற்றை வெள்ளைப் பற்பசையால் மூடிப் பார்த்தார், இப்போது அவை மஞ்சளாகத் தெரிகின்றன. கீழே இருக்கும் வீட்டுக்கார அன்ரி நல்லவர்தான். ஆனால் மூன்று மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. அவருக்குச் சொல்லாமல் நாங்களே மூடிப் பெயின்ட் அடித்துவிடலாமா? சீமெந்து வாங்கினால் போதுமா?

பதில்:

டீச்சர், "இன்னும் மூன்று கிழமைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படிக்க ஆறுதலாக இருந்தது. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை, நாளைக் காலை லொறி வருகிறது, இன்றிரவுக்குள் சுவரைச் சரியாக்கித் தர முடியுமா என்றுதான் தொடங்கும். முடியாது. ஒரு ஓட்டையை மூட அரை மணித்தியாலம் போதும். மூடியது காய்வதற்குத்தான் நாட்கள் வேண்டும், அதுவும் மார்கழி மழைக்குள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில். உங்களிடம் மூன்று கிழமை இருக்கிறது. அதை முழுதாகப் பாவித்தால் இந்த வேலையில் பாதிக்கு மேல் நீங்களே செய்துவிடலாம்.

சீமெந்து போதுமா என்று கேட்டீர்கள். போர்ட் சுவருக்குச் சீமெந்து வேண்டவே வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

நமக்குச் சுவர் என்றால் கல்லும் சீமெந்தும். வெளிநாட்டில் ட்ரைவோல் என்று சொல்லும் ஜிப்சம் போர்ட் இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. நான் அந்த வேலையைப் படித்தது டோஹாவில். அதற்கு முன்பு பத்து வருடம் இங்கே மேசன் வேலைதான் செய்தேன், அதனால் இரண்டு சுவரின் குணமும் எனக்குப் பழக்கம். ஜிப்சம் போர்ட் என்பது இரண்டு தடித்த கடதாசிகளுக்கு நடுவே ஜிப்சம் கல்மாவை வார்த்து இறுக்கிய தட்டு. பார்ட்டிஷனுக்கு வருவது அநேகமாக 12 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும், சீலிங்குக்கு 9 மில்லிமீற்றர் போர்ட்டும் உண்டு. உள்ளே தகட்டுச் சட்டம், அதாவது நாங்கள் ஸ்டட் என்று சொல்வது, ஏறக்குறைய இரண்டு அடிக்கு ஒன்றாக நிற்கும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெறும் காற்றுத்தான். உங்கள் கதவுக் கைபிடி அடித்தது அந்த வெற்றிடத்தின் மேல்தான். அதனால்தான் உடைந்தது.

இந்தச் சுவரின் பலம் கடதாசியில் இருக்கிறது. சீமெந்துச் சாந்து கடதாசியில் ஒழுங்காகப் பிடிக்காது. அதன் தண்ணீரைக் கடதாசி குடித்து ஊதும், சாந்து காயும்போது சுருங்கும், ஓரம் முழுக்க மயிர்க்கோடு விழும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். சீமெந்தும் ஜிப்சமும் ஈரத்தில் சேர்ந்து இருக்கும்போது நடுவில் ஒரு புதிய உப்புப் பளிங்கு வளரும். அது பருத்து, பூசியதை வெளியே தள்ளிவிடும். ஆரையம்பதியில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் போர்ட் ஓட்டையைச் சீமெந்தால் அடைத்து, பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த மாரியில் அந்த அடைப்பு, ரொட்டியைக் கிள்ளி எடுத்த மாதிரி முழுதாகக் கழன்று தரையில் கிடந்தது. புதிதாக வந்தவர்கள் தாங்கள்தான் உடைத்துவிட்டோமோ என்று பயந்து என்னைக் கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம். அவர்கள் பயந்தது எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

ஆகவே முதலில் எந்தச் சுவர் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தட்டிப் பார்த்தால் போர்ட் பொள்ளலாகச் சத்தம் தரும். அதோடு ஓட்டைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டுச் சுரண்டினால் வரும் தூளே பதில் சொல்லும். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் என்றால் ஜிப்சம். சாம்பல் நிறம் என்றால் சீமெந்துப் பூச்சு அல்லது சீமெந்துக் கல். சிவப்பு என்றால் செங்கல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பகுதிப் பழைய வீடுகளில் பார்ட்டிஷனும் சீலிங்கும் அஸ்பெஸ்டஸ் தட்டைச் சீட்டில் செய்திருப்பார்கள். அது சாம்பல் நிறம், கல் மாதிரி இறுக்கம், ஆணி ஏறாது. உங்கள் பார்ட்டிஷன் அப்படித் தெரிந்தால் தேய்க்காதீர்கள், துளைக்காதீர்கள், உடைந்த ஓரத்தைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி, காலம் கடந்துதான் வருத்தம் காட்டும். ஈரத்துணியால் துடைத்து, ஓட்டைக்குள் ஃபில்லரை, அதாவது ஓட்டை அடைக்கும் பூச்சை, அமத்தி, ஈரமாக இருக்கும்போதே மட்டமாக வழித்துவிட்டு, அதன்மேல் பெயின்ட் அடிப்பதோடு நிறுத்துங்கள். உங்களுடையது ஜிப்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் சுரண்ட முன் ஓட்டைக்குள் தெரியும் நிறத்தை ஒருக்காப் பாருங்கள்.

சரி, சாமான்கள். ஹாட்வெயார் கடையில் வோல் பட்டி, அதாவது சுவர்க் குழிகளை மூடும் பூச்சு, என்று பொதுவாகக் கேட்டால் வெள்ளைச் சீமெந்தில் செய்த பட்டியைத் தருவார்கள். அது சீமெந்துச் சுவருக்கானது. போர்ட்டுக்கு ஜிப்சம் ஜொயின்ட் கம்பவுண்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வாளியில் குழைத்தே வருவது, அது காற்றில் காய்ந்து இறுகும். மற்றது பையில் தூளாக வருவது, தண்ணீரில் குழைத்தால் அது தானாக இறுகும். மழைக்காலத்துக்கு ஏற்றது தூள்தான். ஜிப்சம் கல்லை 150 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கும்போது அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்தத் தூளுக்கு நாம் தண்ணீர் விடும்போது, இழந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அந்த இறுக்கத்துக்கு வெயில் தேவையில்லை. மிஞ்சிய ஈரம் போகத்தான் காற்று வேண்டும்.

தூளைத் தண்ணீருக்குள் போடுங்கள், தண்ணீரைத் தூளுக்குள் விடாதீர்கள், கட்டி விழும். தோசை மாவை விடக் கட்டியாக, தட்டைச் சரித்தால் வழியாத பதம் வேண்டும். இருபது நிமிடத்தில் முடிக்கக்கூடிய அளவு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கியதில் மேலும் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது, அது பிறகு மாவாக உதிரும். ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள். முந்தைய குழைவில் காய்ந்த துகள் ஒன்று கிடந்தாலும் புதியது கண்மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் பொறுமை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இவற்றோடு 4 அங்குலமும் 8 அங்குலமும் அகலமான இரண்டு பட்டி பிளேட், ஒரு சுருள் மெஷ் டேப் (வலை மாதிரி உள்ள ஒட்டும் நாடா), 120, 220 நம்பர் சாண்ட் பேப்பர், ஒரு சின்ன ரோலர், மூக்குக்கு மாஸ்க். இவ்வளவும் போதும்.

சின்ன ஓட்டைகளில் தொடங்குங்கள், கை பழகும். பற்பசை வைத்த இடங்கள்தான் முதலில். உங்கள் கணவர் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன், அவசரத்துக்குப் பலரும் செய்வதுதான். ஆனால் பற்பசை காய்ந்தால் சுருங்கும், மஞ்சளிக்கும், அதன்மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. சவர்க்காரம் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் பிழை. தீக்குச்சியால் தோண்டி எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள்.

போர்ட்டில் ஆணி அடித்த இடத்தில் கடதாசி வெளியே பிதுங்கி ஒரு சின்ன மேடு இருக்கும். கத்திப் பிடியின் பின்பக்கத்தால் அதை உள்ளே அமத்திவிட்டுத்தான் பூச வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை முறை தேய்த்தாலும் அந்த மேடு தெரியும். சீமெந்துச் சுவரில் பிளக் இருந்தால், ஒரு ஸ்க்ரூ ஆணியை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, ஆணியைக் குறட்டால் பிடித்து இழுங்கள், பிளக்கும் சேர்ந்து வரும். வராவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம், பூச்சு பெயரும். வெளியே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு மிச்சத்தை உள்ளே தட்டிவிடுங்கள். ஓட்டைக்குள் தூசியை ஊதி, தண்ணீர் தொட்ட பிரஷால் ஈரமாக்கி, பட்டியை உள்ளே வரை அமத்துங்கள். கட்டைவிரல் போகிற அளவு பெரிய குழி என்றால் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தால் அடிப்பாகத்தை நிரப்பி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து, மேலே மட்டும் பட்டி வையுங்கள்.

கல்லடியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் ஐந்து வருடம் இருந்த ஆணி சுவருக்குள் துருப்பிடித்திருக்கும். பிடுங்கிய பிறகும் ஓட்டையைச் சுற்றி ஒரு செம்மஞ்சள் வட்டம் நிற்கும். அதன்மேல் நேராக எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்த சுவர்ப் பெயின்ட், அடித்தால், தண்ணீரில் துரு கரைந்து மறுநாளே மேலே ஊறும். எத்தனை கோட் அடித்தாலும் ஊறும். அந்த வட்டத்துக்கு மட்டும் எண்ணெய் வகைப் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு தொடுகை வைத்துக் காயவிட்டு, பிறகு எமல்ஷன் அடியுங்கள். ஆணி உள்ளே முறிந்து நின்றால் இன்னொரு ஆணியால் தட்டி நாலைந்து மில்லிமீற்றர் உள்ளே இறக்கிவிட்டு, அதே பிரைமரைத் தொட்டுவிட்டு மூடுங்கள். மெழுகுப் பென்சில் கீறல் இருந்தாலும் இதே வைத்தியம்தான்.

டீவி பிராக்கெட் இருந்த நாலு ஓட்டைகளும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இருக்கும் என்று நினைக்கிறேன். அதைச் சுற்றி உதிரும் ஜிப்சத்தையும் கிழிந்து தொங்கும் கடதாசியையும் கட்டர் கத்தியால் சுத்தமாக வெட்டி எடுங்கள். மெஷ் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துண்டு ஒட்டி, அதன்மேல் தூள் வகைக் கம்பவுண்டை அமத்திப் பூசுங்கள். மெஷ் டேப்புக்கு மேல் முதல் கோட் எப்போதும் தூள் வகையாகவே இருக்கட்டும், வாளியில் வருவது அந்த இடத்தில் வெடிக்கும்.

இனிக் கதவுக் கைபிடி ஓட்டை. இதைத்தான் பெரும்பாலானவர்கள் பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே பட்டி பூசி மூடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேப்பர் ஈரத்தை இழுத்து வைக்கும், பின்னால் தாங்க ஒன்றும் இல்லாததால் மேல்பூச்சு குழியும். அடுத்த முறை கதவு அடித்தால் அதே ஓட்டை, அதைவிடப் பெரிதாக வரும்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். டோர்ச்சை ஓட்டைக்குள் அடித்து வயர் ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்ட்டுக்கும் நேர் மேலும் கீழும் உள்ள பகுதியில் வயர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, உடைந்த ஓட்டையைச் சுற்றி அடிமட்டம் வைத்து ஒரு சதுரம் கீறுங்கள். மூன்று அங்குல ஓட்டை என்றால் நாலு அங்குலச் சதுரம். கட்டர் கத்தியால் பல தடவை மெதுவாக இழுத்து வெட்டுங்கள். நல்ல போர்ட்டை ஏன் இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும் என்று கை கூசும். ஆனால் கோணல் ஓட்டைக்குத் துண்டு பொருத்த யாராலும் முடியாது.

முக்கால் அங்குலத் தடிப்பில், எட்டு அங்குல நீளத்தில் இரண்டு பலகைக் கீலங்கள் எடுங்கள். ஒன்றை ஓட்டைக்குள் விட்டு, அதன் இரண்டு முனையும் போர்ட்டின் பின்பக்கம் படும்படி விரலால் முன்னே இழுத்துப் பிடியுங்கள். இன்னொருவர் வெளியே இருந்து, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாக ஸ்க்ரூ ஆணி ஏற்றட்டும். ஓர் அங்குல ஆணி போதும், நீளமானதை ஏற்றினால் முனை உங்கள் விரலுக்கு வரும். ஆணித்தலை கடதாசியைக் கிழிக்காமல் மயிரளவு உள்ளே போய் நிற்க வேண்டும். கிழித்தால் பிடிமானம் போய்விட்டது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். இரண்டாவது கீலமும் அப்படியே. இப்போது ஓட்டைக்குப் பின்னால் ஒரு முதுகெலும்பு வந்துவிட்டது.

பொருத்துவதற்குத் துண்டு போர்ட் வேண்டும். அதற்காக எட்டடிக்கு நாலடி முழுத் தட்டு வாங்க வேண்டியதில்லை. சீலிங் வேலை நடக்கும் எந்த வீட்டிலும் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள். ஆனால் தடிப்பைப் பாருங்கள். உங்கள் சுவர் 12 மில்லிமீற்றராக இருந்து கிடைத்த துண்டு 9 ஆக இருந்தால், கீலத்தின் மேல் தடித்த அட்டை வைத்து மட்டத்தைச் சரிசெய்யலாம். துண்டு சதுரத்தை விடச் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் சிறிதாக இருக்கட்டும். இறுக்கி அடித்து ஏற்றினால் ஓரம் நொறுங்கும். வைத்து, நாலு மூலையிலும் கீலத்தோடு சேர்த்து ஆணி ஏற்றுங்கள். நாலு பக்க இடைவெளியையும் கம்பவுண்டால் நிரப்பி, அது இறுகியதும் இணைப்புகளின் மேல் மெஷ் டேப் ஒட்டி, முதல் கோட்டை மெல்லியதாக இழுங்கள்.

இரண்டாம் கோட் முதலாவதை விட இரண்டு மூன்று அங்குலம் அகலமாகப் போக வேண்டும். மூன்றாவது அதையும் தாண்டி. நாலு அங்குலத் துண்டுக்குக் கடைசியில் ஓர் அடிக்கு மேல் அகலத்தில் கம்பவுண்ட் நிற்கும். இது வீண் செலவு இல்லை. டேப்பின் தடிப்பு ஒரு சின்ன மேடு. அந்த மேட்டைத் தேய்த்து இல்லாமல் ஆக்க முடியாது, தேய்த்தால் டேப்பே வெளியே வரும். அதைக் கண்ணுக்குத் தெரியாத சரிவாகப் பரப்பிவிடத்தான் முடியும். டோஹாவில் எங்கள் மேற்பார்வையாளர் வேலை முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி டோர்ச்சைப் பக்கவாட்டில் அடிப்பார். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்த சுவரில் அப்போதுதான் மேடும் பள்ளமும் நிழல் விடும். நீங்களும் அப்படிப் பாருங்கள். காலைச் சூரியன் ஜன்னலால் சாய்ந்து விழும்போது அன்ரியின் கண்ணுக்குத் தெரியப் போவதும் அந்த நிழல்தான்.

ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம்? வெயில் காலத்தில் ஒரு நாள் என்று சொல்வேன். ஐப்பசியிலிருந்து தை வரை, நம் ஊரின் பெருமழை முழுக்கக் கொட்டும் காலத்தில், இரண்டு நாள் விடுங்கள். நாட்காட்டியை விடக் கையை நம்புங்கள். புறங்கையைப் பூச்சில் வைத்துப் பாருங்கள், பக்கத்துச் சுவரை விடக் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிறமும் சொல்லும், ஈரமான இடம் கருமையாக நிற்கும். முழுக்க ஒரே வெள்ளையாக வந்தால் காய்ந்துவிட்டது. சாண்ட் பேப்பரில் தூள் பறக்காமல் அப்பிக்கொண்டால் அதுவும் ஈரம்தான். மழை இல்லாத நேரம் ஜன்னலைத் திறந்து, ஃபேனை மெதுவாகப் போடுங்கள். அவசரப்பட்டுத் தடிப்பாக ஒரே கோட்டில் முடிக்க நினைத்தால் மேலே தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நின்று வெடிக்கும். மெல்லிய மூன்று கோட்தான் வேகமான வழியும்.

தேய்க்கும்போது 120இல் தொடங்கி 220இல் முடியுங்கள், லேசாக. கடதாசி மேல் தேய்த்தால் அது பஞ்சாக எழும்பும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள், மாஸ்க் போடுங்கள். தூசு பிடிக்காதவர்கள் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சால் வட்டமாக உரசியும் மட்டம் செய்யலாம்.

இதுவரை செய்தது எல்லாம் சரியாக வந்தும் கடைசியில் அசிங்கமாகத் தெரிவது பெயின்டில்தான். புதிய பட்டி பெயின்டை உறிஞ்சும், பழைய சுவர் உறிஞ்சாது. அதனால் ஒட்டிய இடம் மட்டும் மங்கலாக, தேமல் மாதிரித் தெரியும். பிரைமர் ஒரு கோட் அடித்தால் அந்தத் தேமல் வராது. கடையில் பிரைமர் இல்லை என்றால், அதே எமல்ஷனில் கொஞ்சம் தண்ணீர் கூட்டி முதல் கோட்டாக அடியுங்கள்.

நிறம் பொருத்துவதற்குக் கண்ணை நம்ப வேண்டாம். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை இருக்கிறது. முதலில் பழைய பெயின்ட் டின் ஏதாவது கீழ் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், மூடியில் நிற இலக்கம் இருக்கும். இல்லாவிட்டால் சுவரின் ஒரு மூலையில் நகம் அளவு பெயின்ட் செதிலைப் பெயர்த்து, நிறம் கலக்கும் மெஷின் உள்ள பெயின்ட் கடைக்குக் கொண்டு போங்கள். அலுமாரிக்குப் பின்னால் எடுக்காதீர்கள், அங்கே நிறம் ஐந்து வருடம் மங்காமல் இருந்திருக்கும், வெளியே தெரியும் சுவரோடு சேராது. மட்டா, பளபளப்பா என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிறம் அப்படியே கிடைத்தாலும் ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு நிறுத்தினால் திட்டுத் தெரியும். ஆணி ஓட்டைக்குத் தொட்டால் போதும். ஆனால் அந்தப் போர்ட் சுவரை மூலையிலிருந்து மூலை வரை முழுதாக அடியுங்கள், ரோலரால். ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீற்றர் வரும். உங்கள் பார்ட்டிஷன் பத்தடிக்கு ஒன்பதடி என்று வைத்தால் எட்டரைச் சதுர மீற்றர் அளவுதான், இரண்டு கோட்டுக்கு இரண்டு லீற்றர் இருந்தால் மிச்சமும் வரும். சீமெந்துச் சாந்து வைத்த குழிகள் மேல் உடனே பெயின்ட் அடிக்காதீர்கள், கடைசிக் கிழமை வரை விடுங்கள். பெரிய பரப்பில் புதுப் பூச்சு என்றால் நாலு கிழமை கூடத் தேவைப்படும், உங்களுடையது அவ்வளவு இல்லை.

இனி நீங்கள் முதலில் கேட்டது, அன்ரிக்குச் சொல்லாமல் செய்யலாமா? செய்யாதீர்கள், டீச்சர். அட்வான்ஸைப் பற்றிய பயத்தில்தான் அப்படி நினைக்கிறீர்கள் என்று விளங்குகிறது. ஆனால் சொல்லாமல் மூடியது ஆறு மாதத்தில் வெடித்தால், அது உங்கள் நல்ல பெயரைத்தான் தொடும். இன்றைக்கே ஒரு தேத்தண்ணி நேரம் கீழே போய், ஓட்டைகளைச் சொல்லி, நாங்களே சரிசெய்து தருகிறோம் என்று சொல்லுங்கள். அவர் கையில் பழைய டின் இருக்கலாம். அடுத்தவர்களுக்குக் கொடுக்க முன் முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க அவரே நினைத்திருக்கலாம், அப்படியென்றால் நீங்கள் ஓட்டை மூடிப் பிரைமர் அடித்துக் கொடுத்தால் போதும், பெயின்ட் செலவு மிச்சம். தனக்குப் பழக்கமான மேசன் பாஸ் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்லலாம். இவை எல்லாம் ஒரு பேச்சில் தெரியும்.

மூட முன்பும் மூடிய பிறகும் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், சாமான் வாங்கிய பில்லையும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒருக்கா வாசியுங்கள். பல ஒப்பந்தங்களில் நியாயமான பாவனைத் தேய்மானம் நீங்கலாக என்று ஒரு வரி இருக்கும். ஐந்து வருடத்தில் பெயின்ட் மங்கியது, சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்தது, இவை உங்கள் கணக்கில் சேராது. உடைத்ததும் துளைத்ததும்தான் உங்கள் பொறுப்பு. அன்ரி நல்லவர் என்கிறீர்கள், ஆகவே இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அப்படியும் பணத்தில் பிணக்கு வந்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் இருந்து பேசித் தீர்க்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் கை வைக்காமல் நிறுத்த வேண்டும். போர்ட்டை விரலால் அமத்தும்போது பிஸ்கட் நனைந்த மாதிரி மெத்தென்று இருந்தால், அல்லது அடிப்பக்கம் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தால், எங்கோ கூரை ஒழுகுகிறது அல்லது குளியலறைக் குழாய் கசிகிறது. அதைப் பட்டியால் மறைப்பது அடுத்து வரும் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். நனைந்த போர்ட்டை வெட்டி எடுத்துப் புதிது போடத்தான் வேண்டும், அது வீட்டுக்காரர் வேலை. படம் எடுத்து அன்ரியிடம் காட்டிவிடுங்கள்.

மிஞ்சும் பெயின்டை ஒரு ஜாம் போத்தலில் இறுக மூடி, நிற இலக்கத்தை எழுதி ஒட்டி, அன்ரியிடம் கொடுங்கள். அடுத்த ஆணி ஓட்டைக்கு அவர் கடை கடையாக அலைய வேண்டி வராது. பிறகு கதவுக்குப் பின்னால் நிலத்தில் ஒரு ரப்பர் தடுப்பு, அன்ரியின் சம்மதத்தோடு, பெயின்ட் காய்ந்த அன்றே பூட்டிவிடுங்கள். கைபிடி சுவரைத் தொட இரண்டு அங்குலம் இருக்கும்போதே கதவு நிற்க வேண்டும், அளந்து பூட்டுங்கள். வீடு மாறும் நாளில் சாமான் தூக்குபவர்கள் அந்தக் கதவை எத்தனை தடவை வீசித் திறப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.